குறுக்கே வந்த நாய்

பிப்ரவரி 3

அண்ணாவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது, இனி ஆவதற்கு நம் இரண்டு பேரை விட்டால் ஆளும் இல்லை. உன் எண்ணை என் போனில் அன்றைக்கே அடைத்துவிட்டேன். அதைத் திறக்க இன்னும் மனசு வரவில்லை. போனில் பேசினால் நாலு தரம் 'சரி சரி' சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். தாளில் கேட்டால் தாளில்தான் பதில் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என் கன்னத்துத் தழும்புக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன். ஏன் இப்போது என்று கேட்பாய். ஜூனில் என் அடையாள அட்டை காலாவதியாகிறது. புதுசுக்குப் புதுப் படம் வேண்டும். ஸ்டுடியோவில் ஒரு நாளைக்கு நாற்பது முகம் எடுக்கிறேன் அண்ணா. ஸ்டூலில் உட்கார வைத்து, முகவாயைத் தூக்கி, 'இங்க பாருங்க' என்கிறேன். நாலு வருஷமாக அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்ததில்லை. மற்றவர்களுடைய பருவை, மச்சத்தை, வெட்டுக் காயத்தை ஒரே அழுத்தில் துடைக்கத் தெரிகிறது. அட்டைக்கு எடுக்கிற படத்தில் மட்டும் எதையும் துடைக்கக் கூடாது என்று சட்டம்.

தோல் டாக்டரம்மா நல்லவர். பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, 'இது எதனால பட்ட காயம்?' பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் 'கீழே விழுந்ததால்' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. நானும் வாய் தவறி, வண்டிக்கு நாய் குறுக்கே வந்தது என்றேன். நர்ஸ் பாதியை மட்டும் காதில் வாங்கி நாய்க்கடி என்று எழுதிக்கொண்டு, எத்தனை ஊசி போட்டீர்கள் என்று விசாரித்தார். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

எனக்கு நினைவிருப்பது பாலத்து இறக்கம் வரைக்கும்தான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் நடந்ததைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். கன்னம் தரையில் உராய்ந்ததா, எதுவும் குத்தியதா, உள்ளே கல்லோ கண்ணாடியோ தங்கியிருக்க வாய்ப்புண்டா என்று டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டும். ஊசி வைக்கிற இடமாம். நடந்ததை நடந்தபடி எழுது.

தங்கை


பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் பட்டறைக்கு வந்தது. கதவு நாலையும் கழற்றிப் போட்டிருந்த கார் ஒன்றுக்குள் உட்கார்ந்து படித்தேன். உறையிலெல்லாம் என் கிரீஸ் விரல்.

நல்ல காரியம், தாராளமாகச் செய். யோசித்துப் பார்த்தால் உன் டாக்டரம்மா செய்கிறதும் நம்ம டிங்கர் வேலைதான். இங்கே வண்டியைப் பழுதுபார்க்க விடுகிற அம்மா ஒருத்தர் தோல் கிளினிக்கில் வேலை பார்க்கிறார். அவரைப் பிடித்து எல்லாம் கேட்டுவிட்டேன். தோலில் பொடிப் பொடியாக ஊசியால் துளை போடுவார்களாம். உடம்பு, ஐயோ புதுக் காயம் என்று ஏமாந்து, கொலாஜன் என்கிற சரக்கைச் சுரந்து பள்ளத்தை உள்ளேயிருந்து தூக்குமாம். நாங்கள் ஒடுக்கு எடுப்பதும் உள்பக்கம் இருந்துதான். லேசர் என்பதும் அதே ஏமாற்று வேலை, ஊசிக்குப் பதில் சூடு. ஜெல்லை ஊற்றிப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடு. அது பட்டி போடுகிற வேலை. பட்டி கொஞ்ச நாளில் உள்வாங்கிவிடும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்?

எப்படி அடிபட்டது என்று கேட்டிருக்கிறாய். அதுதான் தெரிந்த கதையாயிற்றே. கருப்பு நாய் ஒன்று சடாரென்று குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தேன், விழுந்தோம். ரோட்டில் உராய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆறிப்போன காயம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்த மாதிரி நர்ஸிடம் போய் நாயைப் பற்றிச் சொல்வானேன்?

அம்மா தோளில் இருந்த காலிங் பெல் ஞாபகம் இருக்கிறதா? ரவிக்கைக் கைக்குக் கொஞ்சம் கீழே, கோலிக்குண்டு மாதிரி. நீ அழுத்தினால் 'யாரு?' என்பாள், நான் அழுத்தினால் 'யாரும் இல்லை, போ' என்பாள். அதற்கு நாம் போட்ட சண்டை! உன் எழுத்தைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


பிப்ரவரி 16

அண்ணாவுக்கு,

முப்பத்தொரு வயசுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடாதே. காலிங் பெல்லைக் கொண்டுவந்து பேச்சை மாற்றவும் மாற்றாதே.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னபோது அது செம்பட்டை நாய். அம்மா செத்த வீட்டில், துக்கம் கேட்க வந்தவர்களுக்கு என் கன்னத்தைக் காட்டிச் சொன்னபோது வெள்ளை நாய், கூடவே இரண்டு குட்டி. இப்போது கருப்பு. அந்த நாய் என்ன சாயப் பட்டறையில் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், அதுவும் ஒவ்வொரு தரமும் வேறு வேறு பூசணிக்காய். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கிடத்தியிருக்க, எல்லோரும் என் கன்னத்தைப் பார்க்க, நீ நாயைப் பற்றிப் பேசினாய் பார். அதற்குத்தான் உன் எண்ணை அடைத்தேன்.

உன்னிடமிருந்து எதுவும் வராது என்று தெரிந்த பிறகு நானே முடிவெடுத்துவிட்டேன். டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார். வெறும் ஊசி என்றால் நாலைந்து தரம் போக வேண்டும், ஒவ்வொரு தரமும் இரண்டு மூன்று நாள் முகம் சிவந்திருக்கும், பலன் மெதுவாகத்தான் தெரியும், ஆனால் நம் நிறத்துக்குப் பயம் குறைவு. லேசர் என்றால் குறைந்த தடவையில் கூடுதலாகத் தெரியும், ஆனால் மாநிறத் தோலில் கருமை படரலாம். என் தழும்பு அடியில் நாரால் இழுத்துப் பிடித்த மாதிரி இருப்பதால், அந்த நாரை முதலில் ஊசியால் அறுத்துவிட வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். காத்திருக்கிற இடத்தில் இரண்டு பெண்கள், ஊசி நல்லதா லேசர் நல்லதா என்று ஆளுக்கு ஆள் கன்னத்தைத் திருப்பிக் காட்டி வாதாடினார்கள். எனக்கு இரண்டு பேர் கன்னமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

நாரை அறுத்து, அதே நாளில் லேசரும் போடச் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சரியாவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. குணமாகுமா, இன்னும் மோசமாகுமா, கருத்துப்போகுமா என்று ஸ்டுடியோவில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் அளந்துகொண்டே இருக்கிறேன்.

படிவத்தில் இருபத்து மூன்று கேள்வி. சர்க்கரை உண்டா, மாத்திரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது காயம் ஆறிய பிறகு தழும்பு தடித்து வளர்ந்தது உண்டா. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டேன். பரம்பரையாகப் பொய் உண்டா என்று கேட்டிருந்தால் மட்டும் 'ஆம்' போட்டிருப்பேன்.

மார்ச் 14, காலை பத்தரை மணி. இனி உன்னிடமிருந்து உறை வந்தால் பிரிக்க மாட்டேன். பீரோ மேல் போட்டுவைப்பேன்.

தங்கை


பிப்ரவரி 25

பாப்பாவுக்கு,

இதை நீ பிரிக்க மாட்டாய் என்று தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அந்த வண்டி என்னுடையது இல்லை. கணக்கு வாத்தியாருடையது, பெயின்ட் அடிக்க விட்டுப்போனது. அவரைக் கேட்காமல் எடுத்துவந்து உன்னைப் பின்னால் ஏற்றினேன். ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. 'பக்கத்துலதானே' என்று சொல்லி அதை நான் போட்டுக்கொண்டேன். பாலத்து இறக்கத்தில் போன் அடித்தது. வாத்தியார். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, 'ரெடி சார், பட்டறையிலதான் நிக்குது' என்று சொல்லி முடிக்கவில்லை, முன்சக்கரம் மணலில் ஏறிவிட்டது.

நாய் இல்லை. செம்பட்டையும் இல்லை, வெள்ளையும் இல்லை, கருப்பும் இல்லை. மணல்தான்.

இதையாவது நான் எப்போதாவது சொல்லியிருப்பேன். இனி எழுதப்போவதைத்தான் சொல்ல முடியவில்லை. எழுந்ததும் நான் உன்னைத் தூக்கவில்லை. முதலில் வண்டியைத் தூக்கினேன். எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே கீறியிருக்கிறது என்று பார்த்தேன். இடது பக்கக் கண்ணாடி உடைந்து கிடந்தது. அதே மாதிரி வாங்கி மாட்ட வேண்டுமே என்று துண்டுகளைப் பொறுக்கிக் கையில் சேர்த்துப் பார்த்தேன். நகம் அளவு ஒரு துண்டு குறைந்தது. அதைத் தேடத் திரும்பியபோதுதான் உன் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் ஒரு நிமிஷம் ஆனதா, இரண்டு நிமிஷம் ஆனதா, எனக்குத் தெரியாது.

அந்தத் துண்டு உன் கன்னத்துக்குள்தான் இருக்கிறது என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தையல் போட்ட டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு துண்டு குறைகிறது என்று சொன்னால், எண்ணிப் பார்த்தாயா என்று கேட்பார்களே. எதிரே உட்கார்ந்து உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வேலை மாற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேன். ஊரார் முன்னால் நாயைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்ததும் அதனால்தான். பேச்சை நிறுத்தினால் மற்றது வெளியே வந்துவிடும் என்று பயம்.

அண்ணன்


மார்ச் 8
(தபால் அட்டை)

பாப்பா, இது அட்டை. பிரிக்க ஒன்றும் இல்லை, படித்துத்தான் ஆக வேண்டும். தபால்காரரே, நீங்களும் படியுங்கள், அவளிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள், அவசரம்.

அம்மாவின் காலிங் பெல் ஒரு தழும்பு! தடுப்பூசி போட்ட இடம் வளர்ந்து அப்படி ஆனது. என் முழங்கையில் வெல்டிங் பொறி பட்ட இடமும் இப்போது கடலை அளவு எழும்பி அரிக்கிறது. மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, இது கீலாய்டு என்கிற வளர்கிற தழும்பு மாதிரி இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுப் பாதி ரோடு வந்தபிறகுதான் பொறி தட்டியது. படிவத்தில் நீ போட்டதும் தப்பு. டாக்டரம்மாவிடம் சொல்லாமல் லேசர் வேண்டாம், ஊசியும் வேண்டாம். வேறு போனிலிருந்து அடித்தாலும் தெரியாத எண் என்று நீ எடுக்கவில்லை. உன் கிளினிக்கைத் தேடிப்பிடித்துப் போன் செய்தேன், மற்றவர்கள் விஷயம் பேச மாட்டார்களாம். பீரோ மேல் இருக்கும் உறையையும் பிரி, கண்ணாடி பற்றி அதில் இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 14

அண்ணாவுக்கு,

இன்று காலை ஒன்பதே முக்காலுக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினேன். தபால்காரர் எதிரே ஏறி வந்தார். 'அம்மா, இதைப் படிச்சிட்டுப் போங்க. உங்க வீட்டுக் காலிங் பெல்லு தழும்பாம். எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா சொல்லச் சொல்லியிருக்காரு' என்றார். நான் சிரித்தேன். அட்டையை வாங்கி இரண்டாம் வரி படிப்பதற்குள் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்றார்.

அம்மாவைக் குளிப்பாட்டியவள் நான். கடைசி ஆறு மாதம் அந்தத் தோளுக்குச் சோப்புப் போட்டவள். நீ எழுதியிருந்த கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படிவத்தைப் பற்றி உனக்கு எழுதினேன். கோலிக்குண்டு என்று நீ எழுதியிருக்கிறாய், தடித்த தழும்பு இல்லை என்று நான் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. நம் வீட்டில் எதையுமே அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதுதான் வினை.

டாக்டரம்மாவிடம் அட்டையையே நீட்டினேன். 'காலிங் பெல்லா?' என்றார். விளையாட்டை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்து அந்தக் கேள்விக்கு நேரே இருந்ததை அடித்தார்.

'நல்ல வேளை, சொன்னீங்க. இன்னிக்குக் கன்னத்துல எதுவும் செய்ய வேண்டாம்' என்றார்.

கொலாஜனைத் தூண்டிவிடுகிற வைத்தியம் இது. சிலர் உடம்புக்குத் தூண்டிவிட்டால் நிறுத்தத் தெரியாதாம். பள்ளத்தை நிரப்பப் போய் மேடு வளர்ந்து நின்றிருக்கும். அம்மா தோளில் இருந்தது என் கன்னத்தில் இருந்திருக்கும். காதுக்குப் பின்னால், முடி மறைக்கிற இடத்தில், அரிசி அளவுக்கு மட்டும் ஊசி வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு மாதம் பொறுத்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். பொறுமை இல்லை என்று பெரிதாக எழுதினேன் அல்லவா, இப்போது காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உறையை இன்னும் பிரிக்கவில்லை. கண்ணாடி என்று நீ எழுதியிருப்பதை டாக்டரம்மாவும் படித்துவிட்டார், என்ன கண்ணாடி என்று கேட்கிறார். பிரிக்கலாம்தான். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அதில் நாய் இருக்கிறதா? இருந்தால் அது பீரோ மேலேயே கிடக்கட்டும். கன்னத்துக்குள் எது இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், இன்னொரு தரம் அந்த நாயை என்னால் தாங்க முடியாது. அட்டையிலேயே பதில் போடு.

தங்கை


மார்ச் 18
(தபால் அட்டை)

நாய் இல்லை. பிரி.

படித்த பிறகு நீ எழுதாவிட்டாலும் சரி.

அண்ணன்


மே 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்றைக்கே பிரித்தேன். இரண்டு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

வண்டியை முதலில் தூக்கினாய். அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, வராததை எழுதினால் அது என் பங்குக்கு ஒரு நாய். ஆனால் ஒன்று. எழுதிய அன்றைக்கு உனக்குச் சோறு இறங்கியிருக்காது என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது, எதற்கு என்று தெரியவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணாடி இல்லை. இரண்டு தரம் பார்க்கச் சொன்னேன், இரண்டு தரமும் இல்லை. அந்தத் துண்டு ரோட்டோடு போயிருக்கும். நீதான் அதை நாலு வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய், நான் இல்லை. இனிக் கீழே போடு.

காதுக்குப் பின்னால் வைத்த புள்ளி எழும்பிவிட்டது. முதலில் கடுகு, இப்போது மிளகு. டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் ஊசியும் வேண்டாம், லேசரும் வேண்டாம், தொடாமல் விடுவதுதான் புத்தி என்றார். காதில் இருப்பதற்கு ஒட்டிக்கொள்ள ஏதோ பட்டை கொடுத்திருக்கிறார். அன்று மட்டும் அந்த அட்டை அரை மணி நேரம் பிந்தியிருந்தால், மரத்துப்போகிற களிம்பைப் பூசிக்கொண்டு படுத்திருப்பேன். உன் முழங்கையையும் நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு, மருந்துக்கடைக்காரரோடு நிறுத்தாதே.

படிவத்தில் 'காயம் எப்படி ஏற்பட்டது' என்ற இடத்தில் நாய்க்கடியை நானே அடித்துவிட்டு, 'மணல்' என்று எழுதினேன். அதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நேற்று ஸ்டுடியோவில் கடைசி ஆள் போனதும், கேமராவில் டைமரை வைத்துவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். முகவாயைத் தூக்க வேண்டும் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஐந்து தரம் எடுத்தேன். ஐந்திலும் தழும்பு இருக்கிறது, ஐந்திலும் நான்தான் இருக்கிறேன். அட்டைக்கு ஒன்று கொடுத்தாயிற்று. இன்னொன்று இதனுள் வைத்திருக்கிறேன். எதையும் துடைக்கவில்லை. பார்க்க முடிந்தால் பார்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். வண்டி ஓட்டும்போது எடுத்தாயோ, திரும்ப அடைத்துவிடுவேன்.

விடுமுறை கிடைத்தால் வா. வாசலில் இருக்கிற பெல்லை அடி, என் காதுக்குப் பின்னால் இருப்பதை அழுத்தக் கூடாது, அது இன்னும் அரிக்கிறது. உள்ளேயிருந்து 'யாரு?' என்று கேட்பேன்.

நாய் என்று மட்டும் சொல்லாதே.

பாப்பா